பதினொரு மிளகாய்ச் செடிகளும் என் இரண்டு நிமிடக் குறிப்பும்

வானொலியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாங்கள் சொல்லும் தவறு காற்றோடு போய்விடும் என்று நினைத்துக்கொள்ளலாம். பத்திரிகையில் வந்தால் கத்தரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். காற்றில் போனதை யார் பிடித்து வைத்திருக்கப் போகிறார்கள்? ஒலிவாங்கி முன் பத்து ஆண்டுகள் உட்கார்ந்த பிறகும் எனக்கு அப்படியொரு நினைப்பு இருந்தது. சென்ற ஆண்டு மார்ச் மாதம் கெடாவிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அந்த நினைப்பைப் போக்கிவிட்டது.

காலை நிகழ்ச்சி முடிந்து நாற்காலியை விட்டு எழுந்தபோது, தொலைபேசியில் ஓர் அம்மா காத்திருப்பதாகச் சொன்னார்கள். பாட்டு கேட்கத்தான் அழைத்திருப்பார் என்று எடுத்தேன்.

"போன செவ்வாக்கிழமை மொளகாச் செடிக்கு மருந்து சொன்னது நீங்கதானேம்மா?"

"ஆமாங்கம்மா, நான்தான்."

"நீங்க சொன்னபடியே அடிச்சேன். பதினோரு செடியும் கருகிப் போச்சு."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்திருப்பேன். அவர் அடுத்துக் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அந்த அளவு யாரு சொன்னதும்மா?"

என்னிடம் பதில் இல்லை.

புலனத்தில் வந்த மருந்து

என் நிகழ்ச்சியில் வாரம் ஒருமுறை வீட்டுக் குறிப்புக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருப்போம். அந்த வாரம் கைவசம் ஒன்றும் இல்லை. குடும்பப் புலனக் குழுவில் யாரோ அனுப்பிய ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. மிளகாய் இலை சுருண்டால் கிராம்பு எண்ணெய் ஒரு சின்ன பாட்டில், செராய் வாங்கி எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் எடுத்து அரை லிட்டர் தண்ணீரில் ஊற்ற வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு கரண்டி சேர்க்க வேண்டும். நல்ல வெயிலில் அடித்தால் பூச்சியெல்லாம் செத்துவிடும்.

அதை அப்படியே வாசித்தேன். வாசித்ததோடு நிற்காமல், "எல்லாமே இயற்கைங்க, பக்க விளைவே கிடையாது" என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டேன்.

நான் ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள். ஒரு செய்தியைச் சொல்வதற்கு முன் அது எங்கிருந்து வந்தது, யார் உறுதிப்படுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதைத்தான் அங்கே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். அரசியல் செய்தி, விபத்துச் செய்தி என்றால் இன்றும் பார்க்கிறேன். மிளகாய்ச் செடிக்கு யார் ஆதாரம் தேடுவார்கள் என்று இருந்துவிட்டேன்.

அந்த அம்மாவிடம் முகவரி கேட்டேன். அடுத்த வார இறுதியில் ஷா ஆலாமிலிருந்து காலையிலேயே கிளம்பிச் சுங்கைப்பட்டாணிப் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

அளவு தெரிந்த கை

தாமான் வீடு. முன்புறம் கார் நிறுத்தும் இடத்தின் கூரைக்கடியில் வரிசையாகத் தொட்டிகள். பழைய சாயத் தகரம், ஐஸ்கிரீம் டப்பா, உடைந்த வாளி என்று எது கிடைத்ததோ அதில் மண் போட்டு வளர்த்திருந்தார். பதினொன்றிலும் இலையின் ஓரம் பழுப்பாகக் காய்ந்து, குருத்து கருத்துப் போயிருந்தது. பாதிச் செடிகள் வெறும் குச்சியாக நின்றன.

சும்மா பொழுதுபோக்குக்கு வளர்த்த செடிகள் இல்லை அவை. தோட்டம் மூடப்பட்டு லயத்தை விட்டு வெளியேறியபோது, வீட்டுக்குப் பின்னால் காய்த்த மிளகாயின் விதையை ஒரு துணியில் முடிந்து கொண்டு வந்தாராம். அதையே ஆண்டுக்கு ஆண்டு விதைத்து வருகிறார். காய்ப்பதில் வீட்டுக்குப் போக மீதியை மோர் மிளகாயாகப் போட்டு அக்கம் பக்கத்தில் விற்பார். அதில் வருவது பேத்தியின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்துக்கு உதவும்.

தோட்டத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"மருந்தடிக்கிற வேலைதான். இருவத்திரெண்டு வருசம்."

செம்பனை மரங்களுக்கிடையே முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு புல்லுக்கு மருந்தடித்தவர் அவர். அவருடைய கை நகங்கள் இரண்டு இன்றும் சரியாக வளரவில்லை. அந்தக் காலத்தில் போனவைதான் என்றார். நம் தோட்டங்களில் பல ஆண்டுகள் புழங்கிய பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல்தான் இந்த நாட்டில் முழுத் தடை வந்தது. அதைச் சுமந்தவர்களில் நம் பெண்கள் எத்தனையோ பேர் என்பது இந்தப் பத்தியைப் படிக்கும் பல குடும்பங்களுக்குத் தெரியும்.

"மருந்து கலக்கும்போது மண்டோர் அளவுச் சொம்பு குடுப்பாரு. ஒரு கோடு கூடுனாலும் ஏசுவாரு. நம்ம மேல அக்கறை இல்ல, மருந்து வெல ஜாஸ்தி" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "வீட்டுல திங்கிற சாமானுக்கு வெசம் வேணாம்னு இருந்தேன். நீங்க இயற்கைன்னீங்க. வாசனையாவும் இருந்துச்சு. அதான் அளவப் பத்தி யோசிக்கல."

இருபத்திரண்டு ஆண்டுகள் அளவு பார்த்துக் கலக்கிய கை அது. இயற்கை என்ற ஒரே சொல்லால் அந்தப் பழக்கத்தை நான் மறக்க வைத்திருந்தேன்.

இலைக்குப் பின்னால் யார்?

பதினொரு செடிக்கு அடித்ததும் கலவை தீர்ந்துவிட்டதால், பின்புறம் இருந்த பன்னிரண்டாவது செடி தப்பித்திருந்தது. அதன் நுனி இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டு, குறுகி, வெண்கல நிறத்தில் தடித்திருந்தன. கூடவே ஒரு கத்தரிச் செடி. அதன் இலைகளில் ஊசியால் குத்தியது போல் வெளிறிய புள்ளிகள்.

நான் கொண்டு போயிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை முதலில் கத்தரி இலையின் அடிப்பக்கம் வைத்துப் பார்த்தேன். மெல்லிய நூல் போன்ற வலை. அதற்குள் மஞ்சளும் பச்சையும் கலந்த சிறு உருண்டைகள் நகர்ந்துகொண்டிருந்தன. முதுகின் இரு பக்கமும் கரும்புள்ளி. இதுதான் இரட்டைப் புள்ளிச் சிலந்திப்பேன். நீளம் அரை மில்லிமீட்டர்தான்.

பேன் என்று பெயரில் இருந்தாலும் இது பூச்சி இனம் அல்ல. பூச்சிக்கு ஆறு கால். வளர்ந்த சிலந்திப்பேனுக்கு எட்டுக் கால். சிலந்திக்கும் தேளுக்கும் உறவுக்காரர். இலையின் செல்லைக் குத்தி உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சுகிறது. குத்திய இடம் ஒவ்வொன்றும் ஒரு வெளிறிய புள்ளி.

மிளகாய்ச் செடியில் இருந்தது வேறு ஆள். மஞ்சள் சிலந்திப்பேன் என்பார்கள். இது இன்னும் சின்னது, 0.2 மில்லிமீட்டர் அளவு. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வலை பின்னாது. விரியாத குருத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். செடிக்குச் செடி நடந்து போவதோடு, வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு இலவசப் பயணமும் செய்யும்.

இங்கே வாசகர்கள் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளலாம். மிளகாய் இலை சுருண்டாலே ஒரே நோய் என்று நினைக்கிறோம். இலை மேல்நோக்கிப் படகு போல் சுருண்டால் பெரும்பாலும் அது இலைப்பேன் வேலை. கீழ்நோக்கிக் கவிழ்ந்த குடை போல் சுருண்டால் மஞ்சள் சிலந்திப்பேனைச் சந்தேகப்பட வேண்டும். வைரஸ் நோயாலும் இலை சுருளும். அதற்கு எந்த எண்ணெயும் கேட்காது. யார் என்று தெரியாமல் மருந்தடிப்பது, தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை போடுவது மாதிரிதான்.

மார்ச் மாதத்தில் ஏன் இவ்வளவு? கெடா, பெர்லிஸ் பக்கம் ஆண்டின் முதல் இரண்டு மூன்று மாதங்கள் மழை குறைவு. சூடும் வறட்சியும் இருந்தால் சிலந்திப்பேன் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஒரு வாரத்திலேயே வந்துவிடும். ஒரு பெண் பேன் தன் வாழ்நாளில் நூறு முட்டை போடும். கூரைக்கடியில் இருக்கும் செடிக்கு இன்னொரு கஷ்டம், மழை வந்தாலும் இலையைக் கழுவாது.

கடை மருந்துக்கும் மசியாது

அப்படியானால் கடையில் விற்கும் பூச்சி மருந்தை அடித்தால் என்ன என்று கேட்கலாம். பல பூச்சி மருந்துகள் எட்டுக் கால்காரர்களுக்கு வேலை செய்வதில்லை. அதைவிட மோசம், சிலந்திப்பேனைத் தின்று வாழும் நல்ல பேன்களையும் சிறு வண்டுகளையும் அவை கொன்றுவிடுகின்றன. காவல்காரரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதைதான். மருந்தடித்த இரண்டு வாரத்தில் சிலந்திப்பேன் முன்னைவிடப் பெருகியிருக்கும்.

இரட்டைப் புள்ளிச் சிலந்திப்பேன் இந்த விஷயத்தில் உலகப் புகழ் பெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தின்னும். தொண்ணூறுக்கும் அதிகமான மருந்துப் பொருள்களுக்கு எங்காவது ஓர் இடத்தில் எதிர்ப்புச் சக்தி வளர்த்துக் காட்டியிருக்கிறது. 2011ஆம் ஆண்டில் இதன் மரபணுத் தொகுப்பையே விஞ்ஞானிகள் படித்து வெளியிட்டார்கள். இவ்வளவு சின்ன உயிருக்கு நஞ்சைச் செரிக்கும் திறன் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள அது உதவியது.

அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் செடிகளின் வாசனை எண்ணெய் பக்கம் திரும்பினார்கள். புலனக் குறிப்பில் இருந்த யோசனை அடியோடு பொய் இல்லை என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

வாசனைக்குள் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வேப்பெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் ஆட்டிப் பிழிந்து எடுப்பவை. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறை அப்படியே இருக்கும். வாசனை எண்ணெய் வேறு. இலை, பூ, பட்டை ஆகியவற்றின் ஊடே நீராவியைச் செலுத்தி, அந்த ஆவியைக் குளிர வைத்துப் பிரித்தெடுப்பது. தூய வாசனை எண்ணெய் பெரும்பாலும் கறையே இல்லாமல் ஆவியாகிப் போய்விடும்.

செராய் வாங்கியில் சிட்ரோனெல்லால், ஜெரானியால் ஆகியவை முக்கியம். நாம் ரசத்தில் போடும் சாதாரணச் செராயில் சிட்ரால் அதிகம். கிராம்பில் யூஜினால். ஓமத்தில் தைமால். செடி இவற்றை நமக்காகத் தயாரிக்கவில்லை. தன்னைத் தின்ன வருபவர்களைத் துரத்தத் தயாரித்த ஆயுதங்கள் இவை.

இவற்றில் சில, பூச்சிகளுக்கும் பேன்களுக்கும் நரம்புச் செய்தி கொண்டு போகும் ஆக்டோபமின் என்ற பொருளின் வேலையைக் குழப்புகின்றன. நம் உடலில் அந்த மாதிரி வேலையை நோரட்ரினலின் செய்கிறது. ஆகவே நமக்கு ஆபத்து குறைவு. குறைவுதான், இல்லவே இல்லை என்று நான் வானொலியில் சொன்னது தவறு. எண்ணெய் பேனின் உடல்மேல் பட்டு அதன் மூச்சு வழியை அடைப்பதும், வாசனை பிடிக்காமல் பேன் இடம் மாறுவதும் கூடுதல் பலன்.

தேனீ வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வர்ரோவா என்ற பேனை அடக்க, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தைமால் வைத்த மருந்துகளைக் கூட்டுக்குள் வைக்கிறார்கள். நம் ஓம வாசனைதான் அது. அங்கேயும் வெப்பநிலையும் அளவும் பார்த்துத்தான் வைப்பார்கள். கூடினால் தேனீக்கே தொல்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரே இஸ்மன் என்ற பேராசிரியர் தாவர எண்ணெய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் உடன் பணியாற்றியவரும் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்குக் கண்ணைத் திறந்தது. கண்ணாடிக் கூடத்துத் தக்காளிச் செடிகளில், ரோஸ்மேரி எண்ணெயில் செய்த மருந்தைச் சரியான அளவில் ஒருமுறை அடித்தபோது சிலந்திப்பேன் எண்ணிக்கை 52 விழுக்காடு குறைந்தது. இலைக்கும் காய்க்கும் கேடில்லை. ஆனால் மருந்தின் சக்தி ஓரிரு நாளில் மறைந்துவிட்டது.

இந்த எண்ணைக் கவனியுங்கள். கலவையைத் தரப்படுத்தித் தயாரித்த மருந்துக்கே ஒரு தடவையில் பாதிதான். "எல்லாம் செத்துவிடும்" என்று நான் வாசித்தேனே, அது எங்கே, இது எங்கே?

நான் செய்ய வைத்த நான்கு தவறுகள்

திரும்பி வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சின்ன பாட்டில் என்பது 10 மில்லிலிட்டர். இரண்டு பாட்டில் சேர்ந்து 20. அரை லிட்டர் தண்ணீரில் 20 மில்லிலிட்டர் என்றால் 4 விழுக்காடு. வீட்டுச் செடிக்கு ஒரு லிட்டருக்கு 2 மில்லிலிட்டரில், அதாவது 0.2 விழுக்காட்டில் தொடங்குவது பாதுகாப்பு. நான் சொன்னது அதைப்போல் இருபது மடங்கு.

இரண்டாவது, கிராம்பு எண்ணெய். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. வெளிநாடுகளில் கிராம்பு எண்ணெயை வைத்துக் களைக்கொல்லி தயாரித்து விற்கிறார்கள். யூஜினால் இலையின் மேல்தோலைச் சிதைத்து, நீர் வெளியேறிக் காய வைத்துவிடும். இருபத்திரண்டு ஆண்டுகள் களைக்கொல்லி அடித்து ஓய்ந்த ஓர் அம்மாவை, அவருடைய சொந்த மிளகாய்க்கே களைக்கொல்லி அடிக்க வைத்திருக்கிறேன். இயற்கையான களைக்கொல்லி, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது, பாத்திரம் கழுவும் திரவம். எண்ணெய் தண்ணீரில் கரையாது, ஏதாவது ஒரு சோப்பு வேண்டும் என்பது சரி. ஆனால் அந்தத் திரவம் பிசுக்கை எடுக்கச் செய்தது. இலையின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். நான்காவது, உச்சி வெயில். ஈர எண்ணெயோடு இலை வெயிலில் வெந்துவிட்டது.

மறுபடியும் தொடங்கினோம்

பன்னிரண்டாவது செடியைக் காப்பாற்ற முடியுமா என்று தொலைபேசியிலேயே இருவரும் முயன்றோம். அவர் அங்கே, நான் இங்கே. நானும் என் அடுக்குமாடி வீட்டு மாடத்தில் நான்கு மிளகாய்த் தொட்டி வாங்கி வைத்தேன். இரண்டு வாரத்தில் சிலந்திப்பேன் விருந்தாளியாக வந்துவிட்டது.

முதல் மருந்து தண்ணீர். காலையில் குழாயை அழுத்திப் பிடித்து இலையின் அடிப்பக்கம் பீய்ச்சினாலே வலையும் பேனும் பெருமளவு கழன்று போகும். இரண்டு தொட்டிக்கு இதை மட்டும் செய்தேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருந்தது. மற்ற இரண்டுக்குத் தண்ணீரோடு ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை செராய் வாங்கி எண்ணெய்க் கலவையும் அடித்தேன். அவற்றில் பேன் மெதுவாகத்தான் திரும்பி வந்தது. நான்கு தொட்டியை வைத்து ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் சோம்பலில் காலை பதினொரு மணிக்கு அடித்தபோது, அளவு சரியாக இருந்தும் இளம் இலைகளின் நுனி கருகியது.

கெடா அம்மாவின் செடி கடினமான வழக்கு. மஞ்சள் சிலந்திப்பேன் குருத்துக்குள் ஒளிந்திருப்பதால் தெளிப்பு உள்ளே போகாது. சுருண்ட நுனிகளைக் கிள்ளி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போட்டார். பிறகு வாரம் ஒருமுறை, மூன்று வாரம் தெளித்தார். இரண்டு கிளைகள் போய்விட்டன. நான்காவது வாரம் அனுப்பிய படத்தில் நுனியில் இரண்டு இலைகள் தட்டையாக, பச்சையாக விரிந்திருந்தன.

எண்ணெய் முட்டையைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதனால்தான் ஒருமுறையோடு நிறுத்தக்கூடாது. பொரித்து வரும் குஞ்சுகள் பெரிதாகி முட்டையிடுவதற்குள் அடுத்த தெளிப்பு விழ வேண்டும்.

அளவும் முறையும்

இனி, நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் பார்க்கவும். வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் சிலந்திப்பேன். ஒன்றும் விழாமல் குருத்து மட்டும் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்குச் செராய் வாங்கி அல்லது ரோஸ்மேரி எண்ணெய் 2 மில்லிலிட்டர். மென்மையான திரவ சோப்பு 5 மில்லிலிட்டர். எண்ணெயையும் சோப்பையும் முதலில் குழைத்து, பிறகு தண்ணீரைச் சேர்க்கவும். மூடியால் அளக்காதீர்கள். மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்சு கிடைக்கும். அடிக்கும்போது பாட்டிலை அடிக்கடி குலுக்கவும், எண்ணெய் மேலே மிதக்கும்.

கடையில் விற்கும் செராய் வாங்கி பாட்டிலின் சிட்டையைப் படியுங்கள். உடம்பில் தேய்ப்பதற்காக வேறு எண்ணெய் கலந்தவை நிறைய உண்டு. அவை இலைக்கு ஆகாது.

முதலில் இரண்டு இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் காத்திருக்கவும். கருகாவிட்டால் செடி முழுவதும் அடிக்கலாம். வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்கவும். வாடிய செடிக்கு முதலில் தண்ணீர் ஊற்றித் தேற்றுங்கள். ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை என மூன்று தடவை. காயைப் பறித்தால் நன்றாகக் கழுவிவிட்டுச் சமைக்கவும்.

வீட்டில் பூனை இருந்தால் கவனம். பல வாசனை எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. தெளித்த செடியை அது உரசி, உடம்பை நக்கினால் ஆபத்து. பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். தூய வாசனை எண்ணெய் சில மில்லிலிட்டர் குடித்தாலே குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். கலக்கும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

கடையிலோ சந்தையிலோ "இயற்கைப் பூச்சி மருந்து" வாங்கினால், சிட்டையில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி விற்பனைக்கு வரும் மருந்துகள் பதிவாகியிருக்க வேண்டும். வாசனை நன்றாக இருப்பதால் விலக்கு கிடையாது.

அதே செவ்வாய்க்கிழமை, அதே இரண்டு நிமிடம்

தவறைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் கேட்டேன். சரி என்றார். நானே படித்துவிடலாம் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். கடைசி நிமிடத்தில் தோன்றியது, அளவைச் சொல்லத் தகுதியான ஆள் நான் இல்லை.

அந்த அம்மாவை நேரலையில் அழைத்தேன். என் குறிப்பு தவறு என்றும், அதை நம்பி இவருடைய பதினொரு செடிகள் போய்விட்டன என்றும் நேயர்களிடம் சொன்னேன். பிறகு அவரைப் பேச விட்டேன்.

"ஒரு லிட்டருக்கு ரெண்டு மில்லிதான். கண்ணால அளக்காதீங்க. கராம்புத் தைலத்தப் பல்லு வலிக்கு வச்சுக்கோங்க, செடிக்கு வேணாம்" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "யாரு மருந்து சொன்னாலும் எவ்வளவுன்னு கேளுங்க. அவங்களுக்குத் தெரியலன்னா அடிக்காதீங்க" என்று முடித்தார்.

அன்று வந்த அழைப்புகளில் பாதி அவருடைய எண்ணைக் கேட்டுத்தான். அவர் அனுமதியில்லாமல் தர மாட்டோம் என்று சொல்லிச் சமாளித்தோம்.

செடிகளுக்குப் பணம் தருகிறேன் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். வாங்கவில்லை. ஒன்பது தொட்டியில் மண்ணை மாற்றி மறுபடி விதைத்துவிட்டதாகச் சொன்னார். போன ஆண்டுக் காய்ந்த மிளகாய் ஒரு போத்தலில் இருந்ததால் விதைக்குப் பஞ்சமில்லையாம். தீபாவளிக்கு முன்பு எனக்கொரு சிறு உறை அஞ்சலில் வந்தது. உள்ளே முப்பது விதைகள் இருக்கும். அவற்றில் ஏழு முளைத்திருக்கின்றன. காலையில் நிலையத்துக்குக் கிளம்புமுன் ஒவ்வொன்றின் இலையையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.